சிவப்பு கேட்டவள்

அடக்கம் முடிந்து வந்தவர்கள் சாப்பிடக் கடல் சிப்பி திறந்துகொண்டிருந்தார் கடைக்காரர். யாரும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கத்தியை எடுத்தார், அவ்வளவுதான். மனைவியை மண்ணில் வைத்துவிட்டு வந்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. உட்காரச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போன மகள், வந்தவர்களுக்கு எந்த ஒயினை ஊற்றுவது என்று கேட்டாள். அவர் அடுத்த சிப்பியை எடுத்தார்.

இந்தக் கடையில் அப்படியொரு கேள்விக்கே இடம் கிடையாது. சிப்பி திறப்பது அவர், ஒயின் ஊற்றுவது அவர் மனைவி. வேகவைக்காத சிப்பிக்குக் கொஞ்சம் புளிப்பான, சில்லென்ற வெள்ளை ஒயின். சிவப்பு சேர்ந்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பினமாதிரி ஆகிவிடும். யாராவது சிவப்புதான் வேண்டுமென்று அடம்பிடித்தால், "அப்ப வறுத்த மீன் சாப்பிடுங்க, இவர் சிப்பி தரமாட்டார்" என்று அவள் சிரிப்பாள். அவரும் தரமாட்டார். அந்த விஷயத்தில் மட்டும் மனுஷன் விடாக்கண்டன்.

கடை அடைத்ததும், அன்றைக்கு வந்ததிலேயே கொழுத்த சிப்பி அவளுக்கு. கூடவே ஒரு கிளாஸ் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து இதில் மாற்றமில்லை. பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத ஆள் அவர். பேச வேண்டியதையெல்லாம் அந்த ஒரு சிப்பியில் பேசிவிட்டதாக நினைப்பு.

அதனால்தான் முந்தாநாள் நடந்தது பிடிபடவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. படுக்கையில் கிடந்தவள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "ஏங்க, கொஞ்சம் சிவப்பு குடுங்களேன்" என்றாள். எது கேட்டாலும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் தடதடவென்று கீழே இறங்கினார். கொழுத்ததாகப் பார்த்து ஒரு சிப்பியைத் திறந்தார். சிப்பி திறந்தானதும் கை தானாக வெள்ளைப் பாட்டிலுக்குப் போனது. சிவப்பல்லவா கேட்டாள் என்பது மாடிப்படியில்தான் உறைத்தது. நினைவு தப்பிக் கேட்டிருப்பாள், பாவம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மேலே ஏறினார்.

அவள் தட்டைப் பார்த்தாள். கிளாஸைப் பார்த்தாள். ஓட்டிலிருந்த உப்புத் தண்ணீரை, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய் உறிஞ்சினாள். அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். சாயங்காலம் போய்விட்டாள்.

நினைவோடுதான் கேட்டாளா? அப்படியென்றால், கடைசியாகக் கேட்ட ஒரு வாய் ஒயினைக்கூடக் கொடுக்காத பாவி ஆகிவிட்டார் அவர். அப்போதிருந்து இதே குடைச்சல். அடக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதுகூட மண்டையில் ஏறவில்லை.

அவளுடைய தங்கை தட்டு எடுக்கப் பக்கத்தில் வந்தாள். குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"உங்கக்கா எப்பவாவது சிவப்பு குடிப்பாளா?"

"எங்க வீட்டுக்கு வந்தா அதானே மாமா குடிப்பா."

"சிப்பியோடயா?"

தங்கைக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "சிப்பியா? அக்காவுக்கு அதைக் கண்டாலே குமட்டும். சின்ன வயசுலேர்ந்தே." அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "உங்களுக்குத் தெரியாதா மாமா?"

கத்தி சிப்பியின் வாயில் அப்படியே நின்றது. ருசியில் கண்ணை மூடுகிறாள் என்றல்லவா இருந்தார் இத்தனை வருஷமும். சிவப்பு கேட்டால் சிப்பி கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தானே. சிப்பியைத் தவிர்க்கத்தான் கேட்டாளா? இல்லை, வெறுமனே ஒரு வாய் சிவப்பு வேண்டியிருந்ததா? யாரிடம் கேட்பது? அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கழுதை. அவள் மீது அவ்வளவு கோபம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவு ஆசையும் வந்ததில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு, மகள் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சிவப்புப் பாட்டிலைத் திறந்து, மனைவியின் கிளாஸில் ஊற்றி, அவள் உட்காரும் ஸ்டூலுக்கு நேராக வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. தட்டில் ஒரு சிப்பி, இருந்ததிலேயே கொழுத்தது. எப்போது திறந்து வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

குப்பைக் கூடையில் தேடி, அந்தச் சிப்பியின் மேலோட்டை எடுத்து மூடினார். பொருந்தி உட்காரவில்லை. திருப்பி வைத்து, இன்னொரு தரம் மூடிப் பார்த்தார்.