பூங்காவுக்கு வந்த இடம்

கல்லூரிச் சுவருக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டியிருந்த குடிசைச் சந்தில் லூர்துநாதன் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தான். முப்பத்தைந்தாம் வருஷத்துப் பங்குனி. வாய்க்கால் வற்றி நாறியது. அளவுக்காரர் பலராமன் குடை பிடித்தபடி பின்னால் வந்தார்.

கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு இடம் போதவில்லை. புதிதாக ஒரு வாசிப்பு மண்டபம் கட்டவும், அதைச் சுற்றிப் பூங்கா போடவும் வெள்ளைக்கார எஞ்சினியர் படம் வரைந்திருந்தார். மண்டபம் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. பூங்காதான் சந்தில் வந்து விழுந்தது.

கடைசிக் குடிசையில் சங்கிலி உள்ளே போயாக வேண்டியிருந்தது. வீட்டுக்காரி கொளஞ்சி முகம் மலர வெளியே வந்தாள்.

“வா தம்பி. உள்ள மருமவ படுத்திருக்கா, புள்ள பெத்தவ. கொஞ்சம் இரு, பாயை நவுத்திடுறேன்.”

அடுப்புச் சாமான்களையும் அவளே ஒதுக்கி வைத்தாள். சங்கிலியின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“எடத்தை எங்க பேருக்கே எழுதிக் குடுக்கப் போறாங்களாமே? சந்துல பேசிக்கிறாங்க.”

லூர்துநாதன் பலராமனைப் பார்த்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அளவைக் குறித்தார். வெளியே வந்ததும், “வாயைத் தொறக்காத. மேலெடத்துலேர்ந்து ஆள் வந்து சொல்லுவான். அது நம்ம வேல இல்ல” என்றார்.

அன்று மத்தியானம் வரை அவனுக்குச் சங்கிலியைப் பிடித்திருந்த அவள் கை கண்ணிலேயே நின்றது. பலராமன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மறுபடியும் சந்துக்குள் போனான்.

“அக்கா, இது எழுதிக் குடுக்குறதுக்கு இல்ல. பூந்தோட்டம் போடப் போறாங்க. இப்பவே வேற எடம் பாத்துக்குங்க.”

கொளஞ்சிக்கு முதலில் புரியவில்லை. “யாரு வந்து ஒக்கார்றதுக்கு?” என்று கேட்டாள்.

“படிக்கிறவங்க காத்து வாங்க.”

அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். குழந்தை சிணுங்கியது. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கல்லூரி வாசலுக்குப் போனாள். சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பலராமனைக் கையெடுத்துக் கும்பிட்டு, பச்சை உடம்புக்காரி இருக்கிறாள், வெயில்காலம் கழியும் வரையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினாள். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

சாயங்காலம் சங்கிலியைச் சுருட்டி வைக்கச் சொன்னவர், “நாளைக்கு நீ வராத” என்றார்.

“ஐயா, வீட்டுல...”

“எனக்கும் வீடு இருக்குடா. எஞ்சினியர் காதுக்குப் போனா எனக்கும்தான் வேல இல்ல.”

இரண்டு நாள் லூர்துநாதன் தேங்காய்த்திட்டு மீன்துறையில் மீன்கூடை தூக்கக் கேட்டுப் பார்த்தான். வழக்கமான ஆட்களுக்கே வேலை இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் பலராமனின் காலிலாவது விழலாம் என்று புறப்பட்டு வந்தான். மனைவி அகஸ்டினாதான் அனுப்பினாள்.

சந்தில் எல்லை முளை அடிக்கும் சத்தம் கேட்டது. அடித்துக்கொண்டிருந்தவன் வடிவேல், கொளஞ்சியின் மகன். ஆலையில் ஆள் குறைத்தபோது வேலை போனவன். லூர்துநாதனைக் கண்டதும் சம்மட்டியைத் தாழ்த்தினான்.

“ஒங்க வேலன்னு தெரியும்ண்ணே. நான் மாட்டேன்னா இன்னொருத்தன் அடிப்பான். புள்ள பெத்தவளுக்குக் கஞ்சி வேணும்.”

லூர்துநாதன் சந்தின் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

“பேச்சு அப்புறம்” என்றார் பலராமன், குடைக்குள்ளிருந்து.

கடைசி முளை கொளஞ்சியின் வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். மெழுகி மெழுகி இறுகிப்போன தரை. வடிவேல் ஓங்கி அடித்தான். முளை துள்ளி விழுந்தது. மறுபடி நிறுத்தி அடித்தான். தலை பிளந்ததே தவிர இறங்கவில்லை. குழந்தை வீரிட்டு அழுதது.

கொளஞ்சி எழுந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, முளை நின்ற இடத்தில் மெள்ள ஊற்றினாள். மண் குடிக்கும் வரை காத்திருந்தாள்.

“இப்ப அடி” என்றாள் மகனிடம்.