அக்கா வரும்வரை

பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்த அன்ரனிட்டா, கோயில் மூப்பர் லியோன் மந்திரித்த மெழுகுதிரியைக் கொளுத்தாமலே திரும்ப மேசையில் வைப்பதைக் கண்டாள்.

"ஏன் அண்ணை?"

"சிஸ்டர் வரட்டும். அவ சொல்லுற செபம் வேற."

சிஸ்டர் என்றால் அக்கா இரஞ்சிதம். கன்னியர் மடத்துக்குப் போய் முப்பத்தொரு வருடம். காற்று அடங்கும்வரை ஊருக்கு வரும் எழுவைதீவுப் படகு வெளிக்கிடாது என்று காலையில் ஊர்காவற்றுறையிலிருந்து போன் எடுத்திருந்தாள். அம்மாவின் மூச்சோ படகுக்காகக் காத்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பி வந்தது.

சாகிறவரின் கையில் மெழுகுதிரியைப் பிடிப்பித்து, காதுக்குள் 'சேசு மரி சூசை' என்று சொல்லி அனுப்புவது கத்தோலிக்க வீடுகளின் வழக்கம். தனக்கு அதை மூத்த மகள்தான் சொல்லவேண்டும் என்று அம்மா எப்போதோ சொல்லி வைத்துவிட்டாள். அன்ரனிட்டாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அக்கா நாலு மணிக்கு எழும்பித் தியானம் செய்கிறவள். தங்கச்சி செபமாலையில் மூன்றாம் தேவரகசியத்தைத் தாண்டி விழித்திருந்ததாக வரலாறு இல்லை. ஒரு தவக்காலத்தில் தானும் நாலு மணிக்கு எழும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் முழங்காலில் நின்றபடியே நித்திரையாகி, அடுப்பில் சோறு கருகி வீடெல்லாம் மணத்தது.

"உனக்கேன் இந்த வேலை? அவள் உனக்கும் சேர்த்துச் செபிப்பாள்" என்றாள் அம்மா அன்றைக்கு.

இருபது வருடமாகியும் அந்தச் சொல் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கடவுளுக்கு முன்னாலும் வரிசை உண்டு, அக்காவுக்குப் பின்னால்தான் தன் இடம் என்று நம்பியிருந்தாள். பொறாமைதான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் இருக்கிறாள்.

அம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "இரஞ்சிதம், வந்திட்டியோ?"

லியோன் குனிந்து அன்ரனிட்டாவிடம் மெல்லச் சொன்னார். "ஓமெண்டு சொல்லும். சிஸ்டர் மாதிரியே நீர் சொல்லிவிடும். நிம்மதியாப் போகட்டும்."

அன்பான யோசனைதான். ஓம் என்ற சொல் நாக்குவரை வந்தது. ஆனால் ஒன்பது வருடமாக இந்த உடம்பைத் தூக்கித் துடைத்தவளுக்கு, கடைசி நேரத்தில் வேறொருத்தியாக நிற்க மனம் வரவில்லை. அக்காவின் செபம் அக்காவுடையது. தன்னிடம் இருப்பது இவ்வளவுதான், கடவுள் இதை ஏற்றுக்கொள்ளட்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினாள்.

"இல்லை அம்மா. அக்கா இன்னும் வரேல்லை. நான் அன்ரனிட்டா. நான்தான் சொல்லப்போறன்."

லியோன் நெற்றியைத் தடவினார். அம்மாவின் புருவம் சுருங்கி, மெல்ல விரிந்தது.

"நீயோ... அப்ப என்னை வலப்பக்கம் சரிச்சுவிடு. அவளுக்கு அது தெரியாது."

சரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அம்மாவின் விரல்களுக்குள் மெழுகுதிரியை வைத்து, மேலே தன் கையை வைத்து மூடிப் பிடித்தாள். காதுக்குள் சொல்லத் தொடங்கினாள். குரல் உடைந்தது, அவள் நிறுத்தவில்லை. எத்தனை தரம் சொன்னாளோ, லியோன் தோளைத் தொட்டபோதுதான் அந்த மூச்சு திரும்பி வரவில்லை என்று கண்டாள்.

பின்னேரம் காற்று விழுந்து படகு வந்தது. அக்கா செருப்பைக் கழற்றவும் மறந்து கட்டிலருகே வந்து நின்றாள்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

சொல்வதற்கு அன்ரனிட்டாவிடம் ஒரு வசனம் இருந்தது. 'அவளுக்கு அது தெரியாது' என்று அம்மாவே தன் வாயால் தந்துவிட்டுப் போன வசனம். லியோனும் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஓம் அக்கா. முதல் உங்களைத்தான் கேட்டவ."

அக்கா அழுதாள். அன்ரனிட்டா அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"நீங்கள் செபத்தைத் தொடங்குங்கோ. நான் குளிப்பாட்டத் தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்."

கிணற்றடிக்கு வந்தபோது உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. எப்போதும்போல அழகான குரல். கொஞ்சநேரம் நின்று கேட்டாள். பிறகு வாளியை இறக்கினாள்.