காயாத அலமாரி

துருப்பிடித்த அந்த இரும்பு ரேக்கை வண்டிக்காரனும் ரேணுகாம்பாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தபோது, அவள் புருஷன் இருசப்பன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"இது உரக்கடை ரேக்காச்சே. இன்னும் பூச்சிமருந்து நாத்தம் அடிக்குது."

"அடிச்சா அடிக்கட்டும். பத்து நாள்ல இது தேக்கு அலமாரியாயிடும், பாருங்க."

"ஆமா, நான் கூட தாசில்தாராயிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவன் லாரி ஆபீசுக்குக் கிளம்பினான். ஆனாலும் சாயங்காலம் வரும்போது ஒரு ரம்பம் இரவல் வாங்கிக்கொண்டுதான் வந்தான். நல்ல மனுஷன்.

அலமாரிக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ரேணுகாம்பாளின் அப்பா அப்பாதுரை கீழ்பென்னாத்தூரில் வாத்தியாராக இருந்தவர். அவர் போன பிறகு முந்நூறு புத்தகங்கள் கோணி மூட்டைகளில் இவள் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தன. அஞ்சாவதோடு நின்றவள் அவள். அதற்குமேல் படித்ததெல்லாம் அந்தப் புத்தகங்களில்தான். ஓரங்களில் அவளுக்காகவே அப்பா பென்சிலால் அர்த்தம் எழுதி வைத்திருப்பார்.

வருஷத் திதிக்கு நெய்வேலியிலிருந்து வந்த அவள் அண்ணன் இராமலிங்கம் மூட்டைகளைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கிப்போயிற்று.

"மூட்டையில கட்டி வெக்க இதென்ன நெல்லா, ரேணு? மரியாதையா ஒரு அலமாரியில வெச்சா உன்கிட்டயே இருக்கட்டும். முடியலன்னா எங்க காலனி நூலகத்துக்குக் குடுத்துடறேன். பங்குனி கடைசி ஞாயித்துக்கிழம வண்டியோட வர்றேன்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவருக்கும் அப்பாதானே.

ஆசாரி வைத்து மரத்தில் செய்ய வழியில்லை. அதனால்தான் பழைய இரும்புக்கடையில் வாங்கிய இந்த ரேக். டீத்தூள் பெட்டிப் பலகைகளை அறுத்துத் தகரத் தட்டுகளின்மேல் பொருத்தினாள். ஓட்டை ஓட்டையாக இருந்த இரும்புக் கால்களை மெல்லிசான ரீப்பர் கட்டையால் மூடினாள். தலைப்பக்கம் வளைவாக ஒரு பலகை. சுவருக்கும் அதற்கும் இடையில் ஓலை நுழையாது, அவ்வளவு நெருக்கமாக நிறுத்தினாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வந்து தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஆசாரி யாருடி?"

"நான்தாங்க்கா."

"போடி, பொய் சொல்லாத."

அந்த ஒரு வார்த்தை ரேணுகாம்பாளுக்கு ரெண்டு நாள் சாப்பாடு.

பாக்கி இருந்தது பளபளப்பு ஒன்றுதான். தேரடி வீதியில் பெயிண்டுக் கடை வைத்திருந்த சாந்த் பாஷா, தேக்குச் சாயமும் வார்னிஷும் கொடுத்து, "வார்னிஷ் கெட்டியா இருக்கும். எண்ணெய் கலந்து தேய்ங்க தங்கச்சி" என்றார். எந்த எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு எண்ணெய் என்றால் ஒரே எண்ணெய்தான். செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய் வீட்டில் தகரம் நிறைய இருந்தது. தாராளமாகவே கலந்தாள்.

அலமாரி மின்னியது. ஆனால் காயவில்லை. பங்குனி வெயிலில் மாடியில் போட்ட வடகம் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. இது நாலு நாளாகியும் விரலைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை கடைக்கு ஓடினாள்.

"எந்த எண்ணெய் ஊத்துனீங்க?" என்றார் சாந்த் பாஷா.

சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அலிசி எண்ணெய், ஆளி விதையில எடுக்கறது, அதை ஊத்தணும் தங்கச்சி. அதுதான் காயும். வடை சுடுற எண்ணெய் ஜென்மத்துக்கும் காயாது. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா பூசணும். ஒரு வாரம் ஆவும்."

"நாளைக்கு எங்க அண்ணன் வர்றாரு, பாய்."

 

வீட்டுக்கு வந்து முகப்பவுடரை டப்பாவோடு கவிழ்த்துத் தட்டுகளில் தூவித் துடைத்தாள். ஒட்டல் நின்ற மாதிரி இருந்தது. அல்லது நின்றதென்று நம்பினாள். அன்றைக்கே புத்தகங்களை அடுக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வேனோடு வந்தார் இராமலிங்கம். அலமாரியைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"யார் செஞ்சது இது?"

"உங்க தங்கச்சிதான் மச்சான்" என்றான் இருசப்பன், தானே செய்ததுபோல.

"அப்பா பாத்திருக்கணும்" என்று சொல்லி ஒரு புத்தகத்தின் முதுகில் கை வைத்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். சர்ரென்று சத்தம் கேட்டது. அட்டை அவர் கையில் இருந்தது, அதன் அடி ஓரம் தட்டிலேயே நின்றது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் அசையவில்லை.

 அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்மேல கோவமில்ல ரேணு. ஆனா இதுல வெச்சா ஒண்ணும் மிஞ்சாது. நல்லபடியா வர்றத நான் எடுத்துட்டுப் போறேன். கிழியறது உன்கிட்டயே இருக்கட்டும்."

அடுப்படியிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்தாள். அவள்தான் எடுக்க வேண்டும். வேறு யார் கையும் அந்த வேலைக்கு ஆகாது. பக்கத்தில் குனிந்த இருசப்பன், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல், "வேகமா இழு. கிழிஞ்சா உனக்குத்தானே" என்றான்.

அது அவளுக்கும் தெரியும். முதல் புத்தகத்தை வேகமாக இழுக்கத்தான் கையை வைத்தாள். காகிதம் கிழியப்போகிற அந்தச் சின்ன இழுவை விரலுக்குத் தெரிந்தது. கை தானாக நின்றுவிட்டது. திருப்பியின் விளிம்பை அடியில் விட்டு, நூல் நூலாக நகர்த்தி, சேதமில்லாமல் எடுத்தாள். அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் செய்தித்தாளில் சுற்றினார்.

அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் இதையாவது விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொன்றிலும் கை கேட்கவில்லை. மேல்தட்டு காலியாயிற்று, நடுத்தட்டு காலியாயிற்று.

"கை வலிச்சா நிறுத்தும்மா. மீதி இருக்கட்டும்" என்றார் அண்ணன், நிஜமான கரிசனத்தோடு.

"வலிக்கல அண்ணா" என்றாள். அடித்தட்டுக்குக் குனிந்து, திருப்பியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த புத்தகத்தின் அடியில் மெல்ல நுழைத்தாள்.