வலப்பக்கம் மேலே

வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகும் காலருக்கும் கட்டிலில் கிடந்த கணவரின் கழுத்துக்கும் நடுவே நாலு விரல் நுழைகிற இடம் இருந்தது. கழற்றினாள். மறுபடியும் போட்டாள். மறுபடி போட்டால் கழுத்து பருத்துவிடுமா என்ன?

"பின்னால கிள்ளி ரெண்டு ஊக்கு குத்திடலாம். படுத்திருக்கிறவன் முதுகை யாரு பாக்கப்போறா?" என்றாள் நாத்தனார். அவருடைய அக்கா. காலையில் போன் போனதும் கட்டின துணியோடு ஓடிவந்தவள், அப்போதிலிருந்து எதையாவது செய்துகொண்டே இருந்தாள். நின்றால் அழுதுவிடுவாள்.

"ஊக்கா, அண்ணி?"

முப்பது வருஷம் அடுத்தவர் உடம்பைக் கண்ணாலேயே அளந்த தையல்காரர். கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'அங்குலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டேப்பைக் கையில் எடுப்பதே வந்தவர் மனசு நோகக்கூடாது என்பதற்காக. அந்த மனுஷனை ஊக்கு குத்தி அனுப்புவதா?

"நாலு மணிக்கு வண்டி வந்துடும். மணி ஒன்றரை. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வா. முதல்ல அந்த டிவியை அணை. எவனோ ஒரு ராஜா நம்மளையே முறைச்சுக்கிட்டு நிக்கிறான்."

நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

திரையில் நின்றது மூக்கன். பேர் அவள் வைத்தது. பழைய சீனத்து ராஜா, அறுபத்துநாலு பாகமும் மூக்கை விடைத்துக்கொண்டே ஆட்சி செய்தவன். வயிற்றுக் கட்டிக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்து, கடையை அடைத்துவிட்டு அவர் கட்டிலோடு கிடந்த முதல் வாரத்தில், செய்தி பார்க்கப்போய் வேறு எதையோ அழுத்தி, ஒரு சீனத் தொடரின் அரண்மனை வாசலில் போய் விழுந்தார்கள். அவள் மாற்றப் போனாள். "இரு இரு, அந்தக் கையைப் பாரு," என்றார் அவர். திரையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். தரைவரை தொங்கியது சட்டையின் கை. "ஒரே துணி. தோள்ல ஒட்டே இல்ல. எப்பிடி வெட்டியிருக்கான் பாரேன்!" மருந்து ஏறிய உடம்பு எழுந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பிறகு தினமும் மத்தியானம் இரண்டு பாகம். அவர் கண் துணியில் இருக்கும், அவள் கண் அடியில் ஓடும் தமிழ் எழுத்தில் இருக்கும். அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல அவர் கதையைக் காதால் கேட்டுக்கொள்வார். நடுநடுவே சண்டை வேறு.

"நாலு நாள் குதிரையில வந்திருக்கானாம். துணியில ஒரு கசங்கல் உண்டா? இஸ்திரிப் பெட்டியையும் குதிரையில ஏத்திக்கிட்டு வந்தானா?"

"அதை விடுங்க. அந்த டீயை ஏன் குடிக்கிறா இந்தப் பொண்ணு? போன வாரம்தானே அதே குவளையில குடிச்சு ஒருத்தி போய்ச் சேர்ந்தா?"

"ராணி குடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"சக்கரை வியாதின்னு சொல்லிட வேண்டியதுதானே!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்பார். இருபத்தாறு வருஷத்தில் இருவரும் ஒருசேர உட்கார்ந்து எதையும் பார்த்ததில்லை. அவர் மிஷினில், அவள் காஜாவும் பட்டனும் பிசிறு வெட்டுவதுமாகக் கீழே, எப்போதும் ஒருவருக்கு ஒருவர் முதுகுதான் தெரியும். நோய் வந்து கொடுத்த சந்தோஷம் என்று நினைக்கவே அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் சந்தோஷம்தான்.

ஒன்றுமட்டும் அவளால் முடியாது. திரையில் யாராவது சாகக் கிடந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முடிந்ததும் அவர் குரல் கொடுப்பார். "வா வா, எல்லாம் எடுத்தாச்சு."

மூன்று மாதத்துக்கு முன் அவர் அறை மூலையில் கிடந்த மிஷின் பக்கம் போனார். மிச்சம் கிடந்த சாம்பல் நீலப் பருத்தித் துணியை விரித்து, அதே மாதிரி ஒரு நீள அங்கி வெட்டினார், அகலம் பற்றாததால் கைகளை மட்டும் தனியாக. பத்து நிமிஷம் தைத்தால் ஒரு மணி நேரம் படுப்பார். முன்பக்கம் உருவானதும் அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் உள்ளே. ஆண் சட்டையென்றால் இடது மேலே ஏறும், பெண் சட்டையென்றால் வலது. ஆயிரக்கணக்கில் பட்டன் வைத்த கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

"எனக்கா?" என்றாள்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "யாருக்கா இருந்தா என்ன? நல்லா வருதான்னு பாரு."

இந்த வயசில் வெட்கம் வந்தது அவளுக்கு. எனக்குத் தைக்கிறார் என்றால் நான் உடுத்திப் பார்க்கும்வரை இருப்பார். இப்படி ஒரு கணக்கு அவளுக்குள் தானாக உட்கார்ந்துகொண்டது. மருத்துவர் கையை விரித்தபோதும் அந்தக் கணக்கை அவள் விடவில்லை. அங்கியின் இடக்கை மட்டும் பொருத்தாமல் நின்றது. போன வாரம் அவர், "அந்தக் கையை நீ வச்சுடேன், என்னால உக்கார முடியல," என்று கேட்டார். "எந்திரிச்சு நீங்களே வைங்க. அரைகுறையா என் தலையில கட்டாதீங்க," என்று சண்டைக்குப் போனாள்.

இன்றைக்குக் காலையில் வழக்கத்துக்கு மாறாக, "முப்பத்தொண்ணு போடு," என்றார். ஏற்கெனவே பார்த்த பாகம். நேர்மையான மந்திரி சாகிற பாகம். அவள் போட்டாள். மந்திரி இருமத் தொடங்கினான். அவள் எழுந்தாள்.

"இன்னைக்கு மட்டும் உக்காரேன்," என்றார்.

"பால் பொங்கிடும்."

அடுப்பில் பாலே இல்லை. வெறும் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். அவர் குரல் வரும் என்று நின்றாள். வரவில்லை. திரும்பி வந்தபோது மூக்கன் அழுதுகொண்டிருந்தான், இவர் போயிருந்தார். பொய்ச் சாவுக்குப் பயந்து எழுந்துபோய், நிஜச் சாவில் அவரைத் தனியாக விட்டுவிட்டாள். ரிமோட்டில் எதையோ அழுத்திப் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

இப்போது ரிமோட்டை எடுத்தாள். அணைக்கத்தான் எடுத்தாள். 'இன்னைக்கு மட்டும் உக்காரேன்.' கட்டில் ஓரத்தில், அவர் காலடியில், உட்கார்ந்து ஓடவிட்டாள்.

மந்திரியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கிழட்டு வேலைக்காரன் அங்கியை உடுத்திவிட்டான். கூட நின்ற இளையவன், "தவறாக உடுத்துகிறீர்களே," என்றான். கிழவன் நிமிரவில்லை. எழுத்து ஓடியது. உயிரோடு இருப்பவருக்கு, ஆணோ பெண்ணோ, இடப்பக்கம் மேலே. போகிறவருக்கு மட்டும் வலப்பக்கம் மேலே.

நிறுத்தினாள். பின்னால் ஓட்டி இன்னொரு தரம் வாசித்தாள். வேறு பாகங்களைத் தேடிப் போட்டாள். மூக்கன், ராணி, டீ குடித்துச் செத்தவள், குதிரைக்காரன். எல்லோருக்கும் இடதுதான் மேலே. அறுபத்துநாலு பாகம் அவள் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறாள், ஒரு கழுத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அலமாரியிலிருந்து அங்கியை எடுத்து அவர் மேல் விரித்தாள். தோள் அவருடைய பழைய பதினெட்டு அங்குலம் இல்லை. இன்றைக்குக் கட்டிலில் கிடக்கிற தோள். அரை அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே, தான் இவ்வளவுதான் மிஞ்சுவோம் என்று பார்த்து வெட்டியிருக்கிறார். அவள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் இதற்காகத் தைத்துக்கொண்டிருந்தார்.

"படுபாவி," என்றாள்.

மிஷினை இழுத்து உட்கார்ந்தாள். நேர்த் தையல்தான் அவளுக்கு வரும், கை வைத்துப் பழக்கமில்லை. ஒரு தரம் சுருங்கி நின்றது, பிரித்தாள். மறுபடி பிடித்தாள். கூடத்தில் பேச்சு நின்றது. நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா இது? அவன் இப்பிடிக் கிடக்கிறப்ப மிஷின் ஓட்டுற? வெளிய எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க."

"ஒரு கைதான் அண்ணி. முடிஞ்சிடும்."

நாத்தனார் அங்கியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, துணி தரையில் புரளாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு இருவருமாக அவரைத் தூக்கி, வெள்ளைச் சட்டையைக் கழற்றி, அங்கியை உடுத்தினார்கள். கை சரியாக இறங்கியது. அவள் இடப்பக்கத்தை உள்ளே மடித்து, வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, விலாவில் நாடாவைக் கட்டினாள்.

"மாத்திக் கட்டுறியே," என்றாள் நாத்தனார். அவளும் தையல்காரர் வீட்டில் வளர்ந்தவள்தான். "பொம்பளைப் பக்கம்ல அது?"

"இல்ல அண்ணி. அவரு சரியாத்தான் வெட்டியிருக்காரு."

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ நாற்காலிகளை நகர்த்தி வழி செய்தார்கள். அவள் விலகி நின்று, கடையில் டெலிவரிக்கு முன் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். இடத் தோள் தையலில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் கையெட்டும் தூரத்தில் இல்லை. குனிந்து, பல்லால் கடித்து எடுத்தாள்.