மூதேவி என்கிற பேர்

“அந்த மூதேவி நான்தான்னு கஸ்டமர்கிட்ட சொல்லுங்க சார். என் பேரைப் போட்டே சொல்லுங்க.”

மேனேஜர் கதவைப் பார்த்தார். நல்லவேளை, மூடித்தான் இருந்தது. ஆபீசில் எனக்குப் பேர் வேணும் என்று மட்டும் போய் நிற்காதே என அவளுடைய அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் வேலையைத் தொலைத்துவிட்டு வந்தால் ஊர் சிரிக்குமாம். ஊர் எப்போது சிரிக்காமல் இருந்தது?

விஷயம் இதுதான். புரோகிராமில் எந்த வரி யார் எழுதிய கோட் என்று பேரோடு குறித்து வைக்கும் சாஃப்ட்வேர்தான் கிட் (Git). அவளிடம் இருப்பதோ ஒரே லேப்டாப். அதனால் ஆபீஸ் ஃபோல்டருக்குள் எழுதுவது ஆபீஸ் பேரிலும், வெளியே எழுதுவது சொந்தப் பேரிலும் பதிவாகும்படி பிரித்து வைத்திருந்தாள். சொந்தப் பேர் என்று கொடுத்திருந்தது ‘மூதேவி’. லாரி ஓட்டும் அப்பாவுக்கு, லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மகளைக் கண்டால் வேறு பேரே வாயில் வராது.

போன வாரம் கஸ்டமரின் பில் போடும் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. அவசரத்தில் அவள் ஆபீஸ் ஃபோல்டரை மறந்து, அதற்கு வெளியே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பிலேயே வேலையைத் தொடங்கினாள். பெரிய தலைகளெல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருக்க, மூதேவி கைவைத்தாள், சனியன் விட்டது. கிட்டில் பதிவான பேரைப் பார்த்துவிட்டு, யார் அந்த மூதேவி, இனி அவரே நேரடியாக எங்கள் டீமில் இருக்கட்டும் என்று கஸ்டமர் எழுதியதை மேனேஜர்தான் மீட்டிங்கில் சிரிக்கச் சிரிக்க வாசித்தார்.

இப்போது தனியாகக் கூப்பிட்டு, அந்த இடத்துக்குத் தன் மச்சினனை அனுப்பப்போவதாகக் குழைந்தார். மச்சினன் கைவைத்த கோட் உருப்பட்டதாக ஆபீசில் எவருக்கும் ஞாபகமில்லை.

“கிட் ஹிஸ்டரில மூதேவிய எடுத்துட்டு அவன் பேரைப் போட்டுடும்மா. சின்ன வேலைதானே.”

“நீங்களே போடுங்களேன் சார்.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா.”

“அப்ப மச்சினனைக் கேளுங்க.”

அவர் முகம் சுண்டியது. அப்ரைசல் வருகிறது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று இழுத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவாவது மூஞ்சிக்கு நேரே திட்டுவார்; இந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டே பேரை அழிக்கச் சொல்கிறார்.

“திட்டுன பேராவே இருக்கட்டும் சார், என் பேரு. அதுல இன்னொருத்தன் ஏறி உக்கார முடியாது. கஸ்டமருக்கு நானே பதில் எழுதப்போறேன். வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கிக்குங்க.”

உட்காரும்மா, உட்காரும்மா என்று அவர் எழுந்திருப்பதற்குள், லேப்டாப்பை அக்குளில் இடுக்கியபடி கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே நடந்தாள்.