பின்சீட்டுத் தூக்கம்

கார்க் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று கையில் வந்ததிலிருந்து என் தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அதைச் சொருகுவார், அது காட்டும் பிழைக் குறியீட்டை அழிப்பார், விளக்கு அணைந்ததும் விசிலடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்கிற வைத்தியம். இந்த முறை அழிக்க அழிக்க விளக்கு மறுபடி எரிந்ததால்தான் மெக்கானிக் மச்சான் நான் ஞாபகத்துக்கு வந்தேன்.

"ஆக்சிஜன் சென்சார் போச்சு மச்சான். புதுசு ஒண்ணு போட்டு விட்டுருங்க."

"டாக்டர்கிட்ட வந்து மருந்தையும் நீங்களே சொன்னா எப்படி மாப்ள?"

தங்கச்சி பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டே வந்தாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்துக்கொள்ளும் என்று இன்ஜினை அணைக்கவில்லை, ஏசியும் ஓடியது.

"மெதுவா பேசுங்கண்ணே. வீட்ல தொட்டில்ல போட்டா வீல்னு கத்துறா. காரு கண்ணாடிய ஏத்திவிட்டு ஒரு சுத்து சுத்துனா போதும், அப்படியே அடங்கிடுறா. முன்னெல்லாம் வண்டி நின்னதும் முழிச்சுக்குவா. இப்ப அந்தத் தொல்லையும் இல்ல."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

என் கருவியைச் சொருகிப் பார்த்தேன். புகையில் காற்று அதிகம் என்று சென்சார் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜினும் அதை நம்பிப் பெட்ரோலை வாரி இறைத்தது. ஆனால் வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. எங்கோ இடிக்கிறதே என்று பானெட்டைத் திறந்தேன். டிக் டிக்கென்று மெல்லிய சத்தம். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கரிக்கோடு ஒன்று படர்ந்திருந்தது. கையை அருகே கொண்டுபோனதும் சூடான புகை உள்ளங்கையில் குத்திக் குத்தி அடித்தது. சென்சாருக்கு முன்னாலேயே ஓட்டை. அது வழியாகப் புகுந்த வெளிக்காற்றைத்தான் சென்சார் சொல்லிக்கொண்டிருந்தது, அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ய வாயெடுத்தேன்.

அப்போதுதான் அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். முன்கண்ணாடியின் அடியில் இருந்த சல்லடைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏசி உள்ளே காற்றை இழுப்பது அது வழியாகத்தான்.

"வண்டிய அணைங்க! கதவையெல்லாம் தொறங்க!"

"கத்தாதீங்கண்ணே, முழிச்சுக்கப் போறா..."

"உனக்குத் தலை வலிக்குதா?"

"தினமும்தான் வலிக்குது. தூக்கமில்லாதவளுக்கு வலிக்காம என்ன?"

"தூக்கம் இல்லாததால இல்லம்மா. புகை உள்ள வருது. பாப்பாவைத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாப்பிள்ளை ஸ்கேனரைப் பிடித்தபடி நின்றார். "நான்தான் அழிச்சுக்கிட்டே இருந்தேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

என் பழைய வேனை எடுத்தேன். எல்லாக் கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. குழந்தைக்கு மூச்சு இருந்தது, கண் மட்டும் திறக்கவில்லை. தங்கச்சி அதன் கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைக் கிள்ளினாள்.

"அழுடி தங்கம். எவ்வளவு வேணா அழு, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஓட்டிக்கொண்டே, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். காற்று குழந்தையின் முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. அழப்போவதுபோல் அதன் கீழுதடு லேசாகப் பிதுங்கியது, அப்படியே நின்றது. தங்கச்சி மறுபடியும் கிள்ளினாள்.