மூன்றாவது ரீலில் ஒரு ஒட்டு

சனிக்கிழமை மாட்னி முடிந்தும் கூட்டம் கலையவில்லை. தியேட்டர் மேனேஜர் பெரியண்ணன் அறை வாசலில் ஐம்பது பேராவது நின்றார்கள். முன்னால் நின்று கத்தியவர் தைரியராஜ், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்.

"கிளைமாக்ஸ நறுக்கிட்டு மிச்சத்தக் காட்டுறீங்களா? எங்களப் பாத்தா எப்படிங்க தெரியுது?"

அது ஓர் ஆங்கிலப் படம். பெரிய போரில் உலகம் அழிந்துவிடுகிறது. ஆறுகள் வற்றிப் போகின்றன. கைவிடப்பட்ட தண்டவாளத்தில் ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் தனியாகத் திரிகிறான். இது இரண்டாம் பாகம். முதல் பாகம் திருச்சிக்கு வரவே இல்லை. அவன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் பொன்மலைக்காரர்கள் அவனுக்கு டிராலிக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசி ரீலில் அவன் கொள்ளைக் கூட்டத்தை விரட்டி, ஓர் ஊருக்கு அதன் கிணற்றை மீட்டுக் கொடுக்கிறான். இங்கேயே இருந்துவிடு என்று ஊரே கெஞ்சுகிறது. அவனோ ஒரு பெண் செம்பில் நீட்டும் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறான். படம் சட்டென்று முடிகிறது.

"அந்தப் பொண்ணு செம்போட நிக்குது. தாகத்துல நாக்கு வெளிய தள்ளுது இவனுக்கு. குடிக்காமப் போவானா? நடுவுல என்னமோ இருந்திருக்கு!" என்றார் தைரியராஜ்.

"முக்கொம்புக் காவேரித் தண்ணியா இருந்தா குடிச்சிருப்பான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

சத்தத்தைக் கேட்டபடி ஓரமாக நின்றிருந்தார் ரெங்கராஜ். படத்தை அனுப்பிய விநியோகக் கம்பெனியின் ரெப்ரசென்டேடிவ். பிரிண்ட் போகும் ஊருக்கெல்லாம் கூடவே போய், தியேட்டர்காரர்கள் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. யாரையும் நம்பாமல் இருக்கத்தான் அவருக்குச் சம்பளம். வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் வேறொரு படத்தோடு மாட்டிக்கொண்டு இன்றுதான் வந்திருந்தார்; இந்தப் படத்தை மாட்னியில்தான் முதல்முறை பார்த்தார்.

பெரியண்ணன் அவரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ரீலத் தொடுறது ஆபரேட்டர் சகாயநாதன் மட்டும்தான். பசங்க பிலிம் துண்டுக்கு அலையுறானுங்க. வித்திருப்பாரு. முதலாளிகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். வெட்டுனது அவருதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடச் சொன்னாரு."

வெட்டுகிற ஆபரேட்டர் என்று பெயர் வந்தவரை இந்த ஊரில் வேறு எந்தத் தியேட்டரும் சேர்க்காது. அது ரெங்கராஜுக்கும் தெரியும்.

ஆனால் கடைசி ரீலை யாரும் வெட்டவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மாட்னியில் அதைக் காதால் கேட்டிருந்தார். புரொஜெக்டரில் படம் ஓரிடத்திலும் ஒலி வேறோர் இடத்திலும் எடுக்கப்படுகின்றன. மெஷினின் மேல்பகுதியில் உள்ள சிறு சன்னலில் வெளிச்சம் பட்டுப் படம் திரைக்குப் போகிறது. அதே பிலிம் கீழே இறங்கிய பிறகுதான் ஓரத்தில் உள்ள ஒலிக்கோட்டை மெஷின் படிக்கிறது. ஆகவே தியேட்டரில் வெட்டி ஒட்டிய இடம் ஓடும்போது முதலில் படம் குதிக்கும், ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்து ஒலி குதிக்கும். படம் எடுத்தவர்களே வெட்டியிருந்தால் அந்தப் பிசகு இருக்காது. கடைசிக் காட்சியில் படமும் ஒலியும் சேர்ந்தே நின்றன. பிசகியது மூன்றாவது ரீலில். அதைப் பற்றி ஒருவரும் புகார் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

கேபினுக்கு ஏறிப் போனார். சகாயநாதன் புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றிக்கொண்டிருந்தார்.

"மூணாவது ரீல்ல ஒட்டு இருக்கு," என்றார் ரெங்கராஜ்.

"இருக்கு. நான் போட்டதுதான்."

"என்ன இருந்துச்சு அதுல?"

"காய்ச்சல்ல கெடக்குற ஒருத்தன், இருக்குற தண்ணியில பாதிய இவனுக்குக் குடுப்பான். அவன் தூங்குனதும் இவன் மிச்சத்தையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவான். வெள்ளிக்கிழமை ஜனம் விசில் அடிக்கிறதையே நிப்பாட்டிருச்சு. இடைவேளையில பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. மேனேஜர் ஏறி வந்து, 'நம்மாளுங்களுக்கு ஹீரோ திருடக்கூடாதுய்யா, தூக்கிடு'ன்னாரு. தூக்கிட்டேன். கேட்டா இல்லம்பாரு."

ரெங்கராஜுக்கு இப்போது விளங்கியது. மூன்றாவது ரீலில் திருடியதால்தான் கடைசி ரீலில் அவனால் குடிக்க முடியவில்லை. திருட்டுக் காட்சியை வெட்டினார்கள், குடிக்காததற்குக் காரணமும் அதோடு போய்விட்டது. ஜனங்கள் சந்தேகப்பட்டது சரி, இடம்தான் தவறு. ஆனால் இந்த ஆள் சொல்வது மட்டும் எப்படி நிஜமாகும்?

"துண்டு எங்க?"

"என்கிட்ட இல்லீங்க."

"வித்தாச்சா?"

சகாயநாதன் குச்சியைக் கீழே வைத்தார். "'உன்கிட்ட இருந்தா நீ வித்துருவே'ன்னு சொல்லி மேனேஜரே வாங்கிட்டுப் போயி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாருங்க."

நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு ரெங்கராஜ் கீழே இறங்கினார்.

"பீரோவைக் கொஞ்சம் தொறங்க."

"சாவி தில்லை நகர் வீட்டுல இருக்குங்களே," என்றார் பெரியண்ணன்.

"ஆட்டோ பிடிப்போம். நானும் வரேன்."

பெரியண்ணன் சகாயநாதனைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். ஸ்வீட் டப்பா ஒன்றுக்குள் பிலிம் வட்டமாகச் சுற்றியிருந்தது.

"பத்திரமா இருக்கட்டும்னுதாங்க வச்சேன். இந்த ஆள நம்பிக் குடுக்க முடியுமா?"

"நீங்க நம்பாததாலதான் இவரு தப்பிச்சாரு," என்றார் ரெங்கராஜ். அங்கேயே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டு, ஆபரேட்டர் மேல் தப்பில்லை, அவரை அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். பெரியண்ணன் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சகாயநாதன் துண்டை ஒட்டினார். மாலைக் காட்சிக்குத் தைரியராஜுக்கு ரெங்கராஜ் பாஸ் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். மூன்றாவது ரீலில் டிராலிக்காரன் காய்ச்சல்காரனின் தண்ணீர்த் தோல்பையைத் தூக்கியதும் தைரியராஜ், "அடப்பாவி!" என்றார். இடைவேளையில் அவர் முறுக்கு வாங்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் செம்பை நீட்டியபோது அரங்கில் இருமல்கூட இல்லை.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் குடிப்பான்?" என்று முணுமுணுத்தார் தைரியராஜ். "போடா, போ."

விளக்கு எரிந்தது. ரெங்கராஜ் நிம்மதியாக எழுந்தார். தைரியராஜ் எழவில்லை.

"ஏங்க, காய்ச்சல்ல கெடந்தானே, அவன் பொழைச்சானா செத்தானா? அத எங்க வெட்டி வச்சிருக்கீங்க?"

அப்படி ஒரு காட்சி இருந்ததா என்று ரெங்கராஜுக்கே தெரியாது. ஆனாலும் அவர் தலை தானாகக் கேபின் சன்னல் பக்கம் திரும்பியது.